துருவுக்கு மேல கருப்பு அடிச்சா துரு போயிராது

"அண்ணே, போன வருஷந்தானே அண்டர்கோட்டிங் அடிச்சேன், அதுக்குள்ள எப்படி ஓட்ட விழும்?"

இந்தக் கேள்விய இந்த மழைக்குப் பொறவு கேட்டுக் கேட்டு சலிச்சுப் போச்சு, அதான் எழுதுறேன். அண்டர்கோட்டிங்னா துரு பிடிக்காம இருக்க வண்டிக்கு அடியில அடிக்கிற கறுப்புப் பூச்சு. கடைசியா வந்தது கொளச்சல் பக்கத்து கார் ஒண்ணு. பஞ்சராகி ஸ்டெப்னி மாட்ட ஜாக்கி போட்டிருக்காரு, வண்டி மேல ஏறல, ஜாக்கி ரன்னிங் போர்டுக்குள்ள, அதாவது கதவுக்குக் கீழ நீளமா போற தகட்டுக்குள்ள ஏறிட்டு. லிஃப்ட்ல ஏத்திப் பாத்தா அடிப்பக்கம் கன்னங்கரேல்னு புது வண்டி கணக்கா இருக்கு. ஸ்க்ரூ டிரைவர் நுனியால லேசா தட்டுனா பொத்பொத்னு சத்தம், ஒரு ஓரத்துல நெம்புனா அந்த ரப்பர் கோட்டிங் அப்படியே முழுசா உரிஞ்சு வருது, உள்ள ஈரம், அடுக்கடுக்கா துரு, தகடுன்னு சொல்ல ஒண்ணுமே மிச்சமில்ல. அடிக்கும்போதே துரு இருந்திருக்கு. வாட்டர் சர்வீஸ் பண்ணி, சரியா காயக்கூட விடாம மேல அடிச்சுட்டாங்க.

துருவுக்கு மேல கோட்டிங் அடிச்சா காத்து போகாது, அதனால துரு நின்னுரும்னு நம்ம ஆளுங்க மனசுல ஊறிப் போச்சு. நிக்காது. துருங்கிறது பஞ்சு போல ஈரத்தப் பிடிச்சு வைக்கும், அதுல நம்ம ஊரு உப்பும் சேந்திருக்கும். உப்போட அந்த ஈரத்த உள்ள வச்சு மூடிட்டா அது வெயில்ல காயவும் செய்யாது, தண்ணி அடிச்சா கழுவிப் போகவும் செய்யாது. கோட்டிங்ல ஒரு கல்லு பட்டு முடி கனத்துக்கு கீறல் விழுந்தாப் போதும், அந்த வழியா மறுபடி தண்ணி உள்ள போகும், போன தண்ணிக்கு வெளிய வர வழி இருக்காது. சும்மா விட்டிருந்தா கண்ணுக்காவது தெரிஞ்சிருக்கும், கறுப்பு பூசுனதால ஓட்ட விழுற வரைக்கும் தெரியாமலே போச்சு. இத ஒவ்வொருத்தருட்டயும் தனித்தனியா சொல்லிட்டிருக்கேன், திரும்பவும் "மேல ஒரு கோட்டு அடிச்சு விடுங்கண்ணே, வித்துரலாம்"னு வந்து நிக்காங்க. நான் அடிக்க மாட்டேன். வாங்கப் போறவனும் பிள்ள குட்டியோட அதுலதான போவான்.

அப்போ கோட்டிங்கே வேண்டாமான்னா, அப்படிச் சொல்லல. கடக்கரை வண்டிக்கு கண்டிப்பா வேணும், காசுக்கு மதிப்பும் உண்டு, ஆனா வண்டி புதுசா இருக்கும்போதே செய்யணும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நீரோடியில இருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் கடலு, ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை, இடையில வெயில் அடிச்சாலும் காத்துல உப்பு. குறும்பனை, முட்டம், மணக்குடி, சின்னமுட்டம் மாதிரி ஊர்ல ராத்திரி வீட்டு முன்னால நிறுத்துற வண்டிக்கு சின்ன காருன்னா 3,000, 4,000 ரூபாயும் பெரிய வண்டின்னா அதுக்கு மேலயும் செலவழிக்கிறது வீண் இல்ல. தரைத் தகட்ட வெட்டி பேட்ச் வெல்டிங் பண்ணி பட்டி பாத்து பெயின்ட் அடிக்கணும்னா ஆகுற காசு அதுக்குப் பல மடங்கு. இன்சூரன்ஸ் குடுக்கும்னு நெனைக்காதீங்க, துரு தேய்மானக் கணக்குல போயிரும், அஞ்சு பைசா வராது.

குலசேகரம், திற்பரப்பு மாதிரி கடல விட்டுத் தள்ளி இருக்க ஊர்ல ஷெட்டுக்குள்ள நிக்கிற புது காருக்கு, ஷோரூம்ல "பேக்கேஜ்"னு பில்லுல சேக்குறத கண்ண மூடிட்டு வாங்க வேண்டாம். இப்ப வர கார்ல நெறைய தகடு துத்தநாகம் பூசுனது, பாடி முழுசையும் பிரைமர் தொட்டியில முக்கி எடுத்துதான் பெயின்ட்டுக்கே அனுப்புறாங்க. உள்நாட்டுல ஓடுற வண்டிக்கு அது பல வருஷம் தாங்கும். ஆனா மீன் லோடு ஏத்துற வண்டி எந்த ஊர்ல நின்னாலும் கணக்கு வேற. ஐஸ் உருகி மீன் தண்ணியோட சேஸிஸ்ல ஒழுகிட்டே இருக்கும், எஃப்சிக்கு கொண்டு வரும்போது சேஸிஸ்ல குறுக்க போற கிராஸ் மெம்பர கையால பிய்க்கலாம்ங்கிற நெலமையில லோடு ஆட்டோ பாத்திருக்கேன்.

அடிக்கக் குடுத்தா பக்கத்துல நில்லுங்க. ரப்பர் கோட்டிங் கல்லடிக்கு நல்லது, ஆனா கதவு, ரன்னிங் போர்டு, பெட்டி மாதிரி மூடுன தகடு இதுக்கு உள்பக்கம் அது போகாது. அங்க மெழுகு மாதிரி ஒரு ஸ்ப்ரே இருக்கு, நீளக் குழாய் போட்டு ஓட்ட வழியா உள்ள அடிக்கணும். பெரும்பாலும் துரு உள்ள இருந்துதான் வெளிய வருது, இந்த வேலையத்தான் நெறைய எடத்துல செய்றதில்ல. கதவுக்கு அடியில, ரன்னிங் போர்டுக்கு அடியில தண்ணி போற சின்ன ஓட்ட இருக்கும், அது அடைஞ்சிட்டா முடிஞ்சுது கத. சைலன்சர், பிரேக் டிஸ்க், ஹோஸ் பைப், ஆக்ஸில் பூட்ங்கிற ரப்பர் உறை எதுலயும் படக்கூடாது. ஏற்கனவே துரு இருந்தா கிரைண்டர் போட்டு வெள்ளத் தகடு தெரியுற வரைக்கும் எடுத்து, எபாக்ஸி பிரைமர் அடிச்சு, காஞ்ச பொறவுதான் கோட்டிங். வருஷத்துக்கு ஒருக்கா மழைக்கு முன்னால லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க. ஒருவாட்டி அடிச்சா ஆயுசுக்கும் போதும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க.

டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து அடியில அடிக்கிற பழக்கத்த தயவுசெஞ்சு விடுங்க. புஷ், பூட்னு ரப்பர் சாமானெல்லாம் ஊறி உப்பிப் போகுது, சஸ்பென்ஷன் வேலைக்கு எங்கிட்டதான் வரீங்க.

கோட்டிங்க விட முக்கியமானது நல்ல தண்ணி. பீச்சுக்குப் போயிட்டு வந்தா அன்னைக்கே, மத்தபடி வாரத்துக்கு ஒருக்கா மட்கார்டு உள்பக்கமும் அடிப்பக்கமும் ஹோஸ் பிடிச்சு அடிங்க, பத்து நிமிஷ வேலை. ஆனா கடக்கரை வீடுகள்ல போர் தண்ணியே உப்பு கரிக்கும், அதுல தெனமும் வண்டிய பளபளன்னு கழுவி உப்ப நாமளே ஏத்திட்டிருக்கோம். வாயில வச்சுப் பாருங்க, கரிச்சா அந்தத் தண்ணி வண்டிக்கு வேண்டாம். கழுவி முடிச்சு வெயில்ல கொஞ்சம் நிறுத்துங்க, மேட்ட தூக்கிப் பாருங்க, ஈரமா இருந்தா காயவச்சுட்டு போடுங்க.

வெளிநாட்டுல இருக்கவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டிட்டு வருஷக்கணக்குல போயிராதீங்க, உள்ள வேர்த்து வேர்த்து தரையெல்லாம் போயிருக்கும். காத்து போற துணிக் கவர் போடுங்க, மாசத்துக்கு ரெண்டுவாட்டியாவது யாரையாவது எடுத்து ஓட்டச் சொல்லுங்க, ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல நிறுத்தச் சொல்லுங்க. 2021 நவம்பர் வெள்ளத்துல நின்ன வண்டிய மேலால மட்டும் கழுவி வச்சிருக்கவங்க ரன்னிங் போர்டுக்குள்ள என்ன இருக்குன்னு ஒருக்கா பாத்துருங்க, அந்தச் சேறு இன்னும் உள்ள கெடக்கலாம்.

பழைய வண்டி வாங்கும்போது அடியில புதுசா கறுப்பு பூசியிருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. ஸ்டெப்னிய தூக்கி அந்தக் குழிக்குள்ள பாருங்க, டிரைவர் சீட்டுக்கு கீழ கார்ப்பெட்ட விலக்கிப் பாருங்க. பக்கத்துல வேற ஆள் நின்னு அவசரப்படுத்துனா இன்னும் மெதுவா பாருங்க.

கடைசியா, யாரும் கண்டுக்கிடாதது பிரேக் பைப். டயருக்குப் பக்கத்துல, டேங்குக்கு மேல போற அந்த மெல்லிசு இரும்புக் குழாய்ல செதில் செதிலா துரு தெரிஞ்சா கோட்டிங், பெயின்ட் எதுவும் வேண்டாம், பைப்ப மாத்துங்க. மாத்துற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. காசு இப்ப இல்லன்னா பிறகு குடுங்க, மொதல்ல வண்டிய கொண்டு வாங்க.