உயர் நீதிமன்ற உத்தரவை அலுவலர் நிறைவேற்றாவிட்டால்: அவமதிப்பு மனு எப்போது செல்லும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டும் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருபவை. பட்டா, நில எடுப்பு இழப்பீடு, ஓய்வூதியம் என எதற்காக அரசின்மீது ரிட் மனு (அரசுக்கோ அதன் அலுவலருக்கோ உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) போட்டாலும் உத்தரவு சென்னையிலிருந்துதான் வரும். அந்த உத்தரவோடு தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவர்கள், முதலில் அதன் கடைசிப் பத்தியை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

"மனுதாரரின் கோரிக்கையைச் சட்டப்படி பரிசீலித்து, இவ்வுத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து 12 வாரங்களுக்குள் தகுந்த ஆணை பிறப்பிக்க வேண்டும்" என்ற பாணியில் அந்தப் பத்தி இருந்தால், வழக்கில் வென்றுவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பரிசீலிக்கச் சொன்னது மட்டுமே அங்கே உத்தரவு. பதினோராவது வாரத்தில் தாசில்தார் காரணம் எழுதிக் கோரிக்கையை நிராகரித்தாலும் உத்தரவு நிறைவேறியதாகவே பொருள். அந்த நிராகரிப்பு தவறானதாக இருந்தாலும் அது புதிய வழக்குக்குத்தான் காரணமாகும், அவமதிப்பு ஆகாது என்று ஜே.எஸ். பரிஹார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே கூறிவிட்டது. அரூரை அடுத்த வாச்சாத்தி மலைக்கிராமத்தில் வனத்துறையினரும் காவல் துறையினரும் நடத்திய வன்கொடுமை தொடர்பான வழக்கில் 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவு வேறு வகை: பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயை அரசு வழங்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்று தொகையும் பொறுப்பும் அதிலேயே குறிக்கப்பட்டிருந்தன. ரிட் மனு எழுதும்போதே இப்படித் திட்டவட்டமான நிவாரணத்தைக் கேட்கும்படி வழக்கறிஞரிடம் வற்புறுத்த வேண்டும்.

கெடு, நகல் அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது. ஆகவே சான்றிட்ட நகலை ஒரு முகப்புக் கடிதத்தோடு தபால் பிரிவில் கொடுத்து, நம்மிடமுள்ள பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்க வேண்டும். "மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்" என்ற பேச்சை நம்பி வந்தவர்களிடம் பின்னால் காட்ட ஒன்றும் இருப்பதில்லை.

கெடு முடிந்தும் வேண்டுமென்றே நிறைவேற்றாமல் இருந்தால், 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, அவமதிப்பு நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். உத்தரவை மீறும் உரிமையியல் அவமதிப்புக்கு அட்வகேட் ஜெனரலின் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) இசைவு தேவையில்லை. பொறுப்பான அலுவலரைப் பெயரிட்டே சேர்ப்பது வழக்கம். அவர் மாறுதலாகிப் போனால் அடுத்து வந்தவரையும் சேர்க்கக் கோரலாம். அதிகபட்சத் தண்டனை 6 மாத வெறுங்காவல் (கடும் உழைப்பு இல்லாத சிறை) அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். நீதிமன்றம் ஏற்கும்படி மன்னிப்புக் கோரினால் விட்டுவிடவும் சட்டத்தில் இடமுண்டு. நடைமுறையில், அறிவிப்பு வந்தவுடன் கோப்பு நகர்வதே மனுதாரருக்குக் கிடைக்கும் பெரும் பலன். "மேல்முறையீடு செய்திருக்கிறோம்" என்பது மட்டும் அலுவலருக்குப் போதிய பதில் ஆகாது. தடையாணை வாங்கியிருக்க வேண்டும்.

பட்டா மேல்முறையீட்டில் கோட்டாட்சியரோ, சீராய்வில் மாவட்ட வருவாய் அலுவலரோ இட்ட ஆணையைத் தாசில்தார் கிடப்பில் போட்டால், நேரடியாக அவமதிப்பு மனு போடும் வழி கிடையாது. அந்த ஆணையை நிறைவேற்றக் கோரி ரிட் மனு போட்டு, உயர் நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற்ற பிறகே மேற்சொன்ன வழி திறக்கும். செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.