சாப்பர்: சொல் விளக்கம்

சாப்பர் (பெயர்ச்சொல்): படைக்காகப் பள்ளம் வெட்டுவது, பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது போன்ற வேலைகளைச் செய்யும் பொறியியல் பிரிவு வீரர்.

1780-இல் தொடங்கிய 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' ராணுவப் படைப்பிரிவின் பெயரால் இந்தச் சொல் நமக்குப் பழக்கம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு நிலச்சரிவில் சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. மறுகரையில் இருந்த முண்டக்கை ஊர் துண்டிக்கப்பட்டு நின்றது. ஆகஸ்ட் 1 மாலைக்குள் அங்கே 190 அடி பெய்லி பாலத்தைப் போட்டு முடித்தவர்கள் இவர்கள்தான். இரும்புச் சட்டங்களை ஆணியால் கோத்து, ஒரு கரையிலிருந்து உருளைகள்மேல் மறுகரைக்குத் தள்ளிவிடுவார்கள். பெய்லி பாலத்தின் நுட்பம் அவ்வளவுதான். ஆனால் பழகிய கைகள் வேண்டும்.

சொல்லின் வேர் இத்தாலியம். 'சப்பா' என்றால் மண்வெட்டி. அது பிரெஞ்சுக்குப் போய், எதிரியின் கோட்டை மதிலை நோக்கி மறைவாக வெட்டிச் செல்லும் பள்ளத்தைக் குறித்தது. வெட்டுபவர் 'சாப்பேர்'. ஆங்கிலம் வழியாக நமக்கு சாப்பர்.

பிரெஞ்சில் தீயணைப்பு வீரருக்கும் 'சாப்பேர்-போம்பியே' என்றே பெயர். போம்பியே என்றால் பம்பு இயக்குபவர்; நம்ம பம்புக்கு உறவு. ராணுவப் பெயர் தீயணைப்போடு ஒட்டியதற்கு ஒரு விபத்து காரணம். 1810 ஜூலை 1, பாரிஸில் ஆஸ்திரியத் தூதர் நெப்போலியனின் திருமணத்தை ஒட்டி விருந்து கொடுத்தார். தோட்டத்தில் தற்காலிகமாகக் கட்டிய மர அரங்கில் திரைச்சீலை தீப்பிடித்தது. நெப்போலியன் நேரில் பார்த்துக்கொண்டிருக்க, அப்போதிருந்த தீயணைப்புக் காவலர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த ஆண்டே அவர் அதை ராணுவப் பிரிவாக மாற்றினார். இன்றும் பாரிஸ் தீயணைப்புப் படை தரைப்படையின் பொறியியல் பிரிவைச் சேர்ந்தது. 2019-இல் நோத்ர தாம் தேவாலயத் தீயை அணைத்ததும் அதுதான். மார்செய்யில் 1938-இல் ஒரு பெரிய கடை எரிந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், அந்த நகரத்துப் பொறுப்பு கடற்படைக்குப் போனது. மற்ற ஊர்களில் சாப்பேர்-போம்பியேக்கள் ராணுவத்தினர் அல்லர், பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

இதைக் காட்டி, தீயணைப்பையும் ராணுவத்திடம் கொடுத்துவிடலாமே என்பார்கள். சரி, ஆனால் நெப்போலியன் போர்முனைச் சிப்பாயைக் கூப்பிட்டுத் தண்ணீர்க் குழாயைக் கையில் கொடுக்கவில்லை. தீ ஒன்றே வேலையாக ஒரு படையை அமைத்தார். சீருடையைவிட அதுதான் முக்கியம். நம் நாட்டில் பொதுவாக அரசு நிர்வாகம் கேட்ட பிறகே ராணுவம் வரும். பாலத்துக்கு அந்த அவகாசம் உண்டு. எரிகிற வீட்டுக்கு இல்லை. வெள்ளம், புயல் போன்ற பேரிடர்களுக்கென்றே 2006-இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்துவிட்டது, அரக்கோணத்தில் அதன் அணி ஒன்று இருக்கிறது.

தமிழில்: பழங்காலக் கோட்டைப் போர்களைப் பற்றி எழுதும்போது 'அகழ்வீரர்' பொருந்தும், அகழியும் அதே வேரில் பிறந்தது. ஆனால் பாலம் போடுபவரை அகழ்வீரர் என்றால் பொருள் குறுகிவிடும், அங்கே 'படைப்பொறியாளர்' என்பதே என் தேர்வு. சாப்பேர்-போம்பியேவுக்குத் 'தீயணைப்பு வீரர்' போதும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது படைப்பிரிவின் பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டாம்.