பக் கிளம்பும் முன்பே தொடங்குகிற தடுப்பு

2013 நவம்பர். அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் நான்கு நாடுகள் கோப்பை பனி ஹாக்கிப் போட்டி. பின்லாந்துப் பெண்கள் அணியின் கோலை நோக்கி அமெரிக்க வீராங்கனைகள் 59 முறை அடித்தார்கள். ஒன்றுதான் உள்ளே போனது. மற்ற 58 அடிகளையும் மறித்தவர் கோல்கீப்பர் நோரா ராத்யு. பின்லாந்து 3-1 என்று வென்றது.

இத்தனைக்கும் அவர் உயரம் 165 செ.மீ.தான். அவர் காக்க வேண்டிய கோலோ 183 செ.மீ. அகலம், 122 செ.மீ. உயரம். இது எப்படி முடிகிறது?

வேகமாகக் கை கால் அசைப்பதால் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால் அது ஒத்துவராது. பக் என்பது சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு. பனிமேல் துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் அடித்தால் 6 மீட்டரை அது 0.2 விநாடியில் கடந்துவிடும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, தசை அசையத் தொடங்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும். கிட்டத்திலிருந்து வரும் அடியைப் பார்த்த பிறகு நகர்ந்தால் பக் வலைக்குள் கிடக்கும்.

அதனால் கோல்கீப்பரின் முதல் வேலை, நிற்கும் இடத்தைச் சரியாகப் பிடிப்பது. இருட்டில் விளக்கின் முன் கையை நீட்டிப் பாருங்கள். கை விளக்கை நெருங்க நெருங்க, சுவரில் நிழல் பெரிதாகும். பக்கை விளக்காகவும் வலையைச் சுவராகவும் நினைத்துக்கொண்டால், கோல்கீப்பரின் நிழல் விழும் இடமெல்லாம் அடைபட்ட இடம். அடிப்பவர் 6 மீட்டரில் இருக்கும்போது கோல்கீப்பர் 1.5 மீட்டர் முன்னே வந்து நின்றால், 1 மீட்டர் அகல உடம்பு வலையில் 1.33 மீட்டரை மறைக்கும். குள்ளமானவருக்கு இது பெரிய வரம். ஆனால் அதற்கு விலையும் உண்டு. முன்னே வந்த பிறகு பக் பக்கவாட்டில் கைமாறினால், திரும்பி வர அதிக தூரம் நகர வேண்டும். எவ்வளவு தூரம் முன்னே வரலாம் என்ற அந்த முடிவில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது என்பேன்.

அப்புறம் கண். கனடாவின் கேல்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோல்கீப்பர்களின் பார்வை எங்கே போகிறது என்று கருவி மாட்டி அளந்தார்கள். அடி விழுவதற்கு ஏறக்குறைய 1 விநாடி முன்பிருந்தே பார்வை பக்கின் மேலும் ஸ்டிக்கின் மேலும் அசையாமல் நின்றது. தடுத்த அடிகளில் அந்தப் பார்வை இன்னும் சீக்கிரமே நிலைகொண்டிருந்தது. ஸ்டிக் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதிலிருந்தே பக் போகும் திசையைக் கண் பிடித்துவிடுகிறது.

ராத்யு பிறந்தது 1989இல், எஸ்போ நகரில். 16 வயதில் டுரின் ஒலிம்பிக்கில் ஆடினார். 2010, 2018 ஒலிம்பிக்குகளில் வெண்கலம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு அவர் ஆடிய 2012-13 பருவத்தில் அந்த அணி 41 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பின்லாந்தில் ஆண்களின் இரண்டாம் நிலை லீகிலும் கோல் காத்தார். அங்கே அடிகள் இன்னும் வேகமாக வரும். இடம் பிடிக்கக் கிடைக்கும் நேரம் இன்னும் குறையும்.

2019 உலகப் போட்டி இறுதியாட்டம் அவர் பிறந்த ஊரிலேயே நடந்தது. எதிரணி மீண்டும் அமெரிக்கா. கூடுதல் நேரத்தில் பின்லாந்து போட்ட கோல், எதிரணி கோல்கீப்பர் மீது மோதல் நடந்தது என்று வீடியோ பார்த்து ரத்து செய்யப்பட்டது. எனக்கு இன்னும் அந்தத் தீர்ப்பு மனதுக்கு ஒப்பவில்லை. ஆட்டம் சமநிலையிலேயே நின்றதால், பிறகு ஒற்றைக்கு ஒற்றை அடி: ஒரு வீராங்கனை தனியாகப் பக்கை எடுத்து வந்து கோல்கீப்பரை எதிர்த்து அடிப்பார். அதில் கோல்கீப்பர் முதலில் முன்னே வருவார், அடிப்பவர் நெருங்கும் வேகத்துக்கு ஏற்பப் பின்னால் வழுக்கிக்கொண்டே போவார். அதே நிழல் கணக்கு, இந்த முறை இருவரும் நகரும்போது. அதில் அமெரிக்கா வென்றது. பின்லாந்துக்கு வெள்ளி. ஆட்டத்தில் ராத்யு மறித்த அடிகள் 50.