கடற்புல் குறைஞ்சா ஆரைக் குற்றம் சொல்லுறது?

எங்கட கடல் ஏன் பழுதாப் போகுது எண்டு யாழ்ப்பாணத்தில ஆரிட்டக் கேட்டாலும் மறுமொழி உடன வரும். குருநகர்ப் பக்கம் கேட்டா இந்தியன் றோலர் (அடியை வாரி இழுக்கிற இழுவைப் படகு), களப்புப் பக்கம் போனா கடலட்டைப் பண்ணை எண்டு சிலபேர், தங்கூசி (நைலோன் இழை) வலை எண்டு இன்னும் சிலபேர், கம்பஸ் பெடியளிட்டக் கேட்டா காலநிலை மாற்றம் எண்டுவினம். ஒவ்வொண்டிலயும் உண்மை இருக்கும்தான். ஆனா இதைப் பல்கலைக்கழக மட்டத்தில படிக்கப் போனா முதல் வாற கேள்வியே "சரி, அதை எப்பிடிக் காட்டுவாய்?" எண்டதுதான், அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லத்தான் மிச்சப் படிப்பு முழுக்கப் போகும்.

கடற்புல்லை வைச்சே இதைப் பாப்பம். கரையில சாதாளையோட சாதாளையாய் ஒதுங்கிக் கிடக்கிறதால கனபேர் இதைப் பாசி எண்டு நினைக்கினம், பாசி இல்லை, வேர் இருக்கு, பூக்கும், காய்க்கும், நிலத்துப் பூண்டு மாதிரியே ஒரு தாவரம், கடலுக்குள்ள வாழுது அவ்வளவுதான். ஒட்டி மீன், ஓரா மீன், நண்டு, இறால் குஞ்சு எல்லாம் இதுக்குள்ளதான் வளருது. கடற்பசுவுக்குச் சாப்பாடும் இதுதான். பாக்கு விரிகுடா சராசரி 9 மீற்றர் மட்டில ஆழம் உள்ள கடல், யாழ்ப்பாணக் களப்பு அதைவிடச் சும்மா இடுப்பளவு, நெஞ்சளவு, அதால அடிவரைக்கும் வெளிச்சம் போகும், புல்லு நல்லா வரும்.

வெளிச்சம் எண்டது இஞ்ச முக்கியம். கடல் மேல்மட்டத்தில விழுற வெளிச்சத்தில ஏறத்தாழ 11 வீதம் எண்டாலும் இலைக்குக் கிடைச்சாத்தான் கடற்புல் சராசரியா உயிரோட இருக்கும், சில பாசியளுக்கு 1 வீதமே காணும். வேரையும் தண்டையும் சேர்த்துச் சாப்பாடு போடவேணும் எண்டதால புல்லுக்குச் செலவு கூட. அப்ப தண்ணி கலங்கினா முதல் அடி வாங்கிறது கடற்புல்தான்.

இனி ஒவ்வொண்டும் எப்பிடிக் கொல்லுது எண்டு பாருங்கோ. றோலர் இழுக்கிற மடிவலையின்ர பாரமான பலகையும் கீழ்க் கயிறும் அடியை உரசிக்கொண்டு போகேக்க மண்ணுக்குள்ள ஓடுற தண்டையே கிளப்பிப்போடும், அதோட கிளம்பின சேறு பக்கத்துப் புல்லுக்கும் வெளிச்சத்தை மறைக்கும் (இலங்கையில 2017ல சட்டம் போட்டு அடி இழுவையைத் தடை செய்தாச்சு, கடலுக்குள்ள அந்தச் சட்டம் எவ்வளவு செல்லுபடியாகுது எண்டது வேற கதை). அடுத்தது உரம். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுற யூரியா மழையோட இறங்கி நைத்திரேற்றாய் நிலத்தடித் தண்ணியில கலக்கும், அந்தத் தண்ணி கல்லு வெடிப்புகளுக்குள்ளால கடலுக்குப் போகும். கீரிமலைக் கேணியில நன்னீர் ஊறிக் கடலுக்கு ஓடுறதை எல்லாரும் பாத்திருப்பீங்கள், அப்பிடிக் கண்ணுக்குத் தெரியாமல் கடலுக்கடியாலயும் ஊறுது. உரம் கிடைச்ச உடன புல்லைவிடப் பாசி வேகமா வளர்ந்து இலையில படியும், அதுவும் வெளிச்சத்தைத்தான் மறைக்கும். பிறகு வெக்கை, கோடையில ஆழம் குறைஞ்ச களப்பில தண்ணி சுடும், உப்பும் கடலைவிடக் கூடும். பிறகு பாலங்கள், தெருக்கள். தண்ணி போய்வாற வழி குறுகினா சேறு ஒரு இடத்தில தங்கும்.

ஆக நாலு காரணம், முடிவு ஒண்டு: இலை இல்லை. காய்ச்சலுக்கு நூறு காரணம் இருக்கிற மாதிரித்தான், தேர்மோமீற்றர் 102 எண்டு காட்டும், டெங்குவோ மலேரியாவோ எண்டு சொல்லாது.

அதால தடயம் பாக்கவேணும். எனக்கு இந்தப் பாடத்தில பிடிச்ச இடமும் இதுதான். கலங்கலால செத்தா புல்வெளியின்ர ஆழமான ஓரம்தான் முதல் பின்வாங்கும், ஏன் எண்டா அங்கதான் வெளிச்சம் ஏற்கெனவே மட்டுமட்டு. வெக்கையால செத்தா கரைப்பக்க ஓரம் முதல் கருகும். இழுவையால எண்டா கிளம்பின தண்டும் நீளமான தடமும் இருக்கும் (கடற்பசு மேய்ஞ்சாலும் தடம் விழும், ஆனா அது வளைஞ்சு நெளிஞ்சு, ஒடுக்கமா இருக்கும்). உரத்தால எண்டா இலையில பாசி. அந்த நைதரசன் தோட்டத்து யூரியாவோ மலசலகூடக் குழியோ எண்டுகூட ஓரளவு பிரிக்கலாம். யூரியாவைக் காத்தில இருக்கிற நைதரசனை எடுத்துத்தான் செய்யினம், அதால அதில நைதரசன்-15 சமதானியின்ர (நைதரசனின்ர பாரம் கூடின வகை) அளவு காத்தில உள்ள மாதிரியே இருக்கும். கழிவில இலேசான நைதரசன்-14 அமோனியாவாய் ஆவியாகிப் போக பாரமான 15 மிஞ்சும். புல்லின்ர இலையைக் காயவைச்சு, பொடியாக்கி அளந்தா அந்த வித்தியாசம் இலையிலயே தெரியும். மண்ணில உள்ள பக்ரீரியாவும் இந்த அளவை மாத்தும் எண்டதால இதை மட்டும் வைச்சுத் தீர்ப்புச் சொல்லேலாது, மற்றத் தடயங்களோட சேர்த்துத்தான்.

அளக்கிறது எப்பிடி? உலகத்தில கன இடத்தில பாவிக்கிற முறை ஒண்டு இருக்கு: 50 மீற்றர் ரேப் மூண்டை 25 மீற்றர் இடைவெளியில கரையில இருந்து நேராப் போடுறது, ஒவ்வொரு 5 மீற்றருக்கும் 50 சென்ரிமீற்றர் சதுரச் சட்டம் ஒண்டை வைக்கிறது, பிவிசி குழாயில செய்தாலே காணும். ரேப்புக்கு 11, மொத்தம் 33 சட்டம். சட்டத்துக்குள்ள எத்தினை வீதம் புல், என்ன இனம், இலை எவ்வளவு நீளம், இலையில பாசி எவ்வளவு எண்டு எழுதவேணும். வாசிக்கச் சுகம், குனிஞ்சு நிண்டு பாக்கேக்கதான் தெரியும், ஒரே சட்டத்தை ஒருத்தி 40 வீதம் எண்டுவாள் மற்றவன் 60 எண்டுவான், அதுக்குத்தான் வீதம் போட்ட மாதிரிப் போட்டோக்களை முதலே பாத்துக் கண்ணைப் பழக்கிறது. சோளகம் (தென்மேல் காத்து) எழும்பினா தண்ணி கலங்கி அண்டைக்கு ஒண்டும் தெரியாது, வெள்ளெனப் போய் முடிக்கவேணும். தண்ணித் தெளிவை அளக்க செக்கி தட்டு எண்டு ஒண்டு, 1865ல இத்தாலிக்காரர் ஆஞ்செலோ செக்கி கொண்டுவந்தது, வெள்ளைத் தட்டைக் கயிறில இறக்கி எந்த ஆழத்தில மறையுது எண்டு பாக்கிறது. ஆனா எங்கட களப்பில தட்டு மறைய முதலே அடியில முட்டிப்போடும், அப்ப கலங்கல் அளக்கிற மீற்றர்தான் வேணும்.

சரி, அளந்தாச்சு, புல் குறைஞ்சு கிடக்கு. இப்பவும் காரணம் நிரூபணம் ஆகேல்லை. அதுக்கு வேணும் "முன்-பின், பாதிச்சது-பாதிக்காதது" எண்ட கணக்கு. சும்மா ஒரு உதாரணம்: அட்டைப் பண்ணை போட்ட இடத்தில முதல் 60 வீதம் இருந்தது இப்ப 35, அப்ப 25 குறைஞ்சிட்டுது எண்டு பண்ணைக்காரரில பாயக்கூடாது. பண்ணையே இல்லாத, மற்றப்படி அதே மாதிரியான இடத்தில 58 இருந்து 50 ஆயிருந்தா, அந்த 8 பண்ணை இல்லாமலே குறைஞ்சது, வெக்கையோ மழையோ எதுவோ. மிச்சம் 17தான் பண்ணையின்ர கணக்கில வரும். அதுவும் ஒப்பிடுற இடம் ஒண்டே ஒண்டு எண்டா அந்த இடத்தில தற்செயலா என்ன நடந்ததோ தெரியாது, நாலைஞ்சு இடம் வேணும். கன பேர் விழுற குழி இதுதான்: ஒரு இடத்தில 33 சட்டம் வைச்சுப்போட்டு 33 சாம்பிள் எண்டு கணக்குப் போடுறது. பண்ணை ஒண்டு எண்டா சாம்பிளும் ஒண்டுதான், 33 தரம் ஒரே ஆளின்ர உயரத்தை அளந்து ஊர்ச் சனத்தின்ர உயரம் சொல்லேலாது. 1984ல ஹர்ல்பேர்ட் எண்ட அமெரிக்க உயிரியலாளர் இதைப் பற்றி எழுதின பேப்பரை இண்டைக்கும் வாசிக்கச் சொல்லித் தருவினம், ஏன் எண்டா இண்டைக்கும் விடுற பிழைதான்.

றோலர் விசயத்தில எங்களுக்கு ஒரு வசதி இருக்கு, கன பேர் யோசிக்கிறேல்லை. தமிழ்நாட்டின்ர கிழக்குக் கரையில ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்ப அந்த 61 நாளும் அதுக்கு முன்பின்னும் கலங்கலை அளந்தா றோலரின்ர பங்கு தெரியவேணும். ஆனா அதே நேரம் சோளகமும் தொடங்கிப்போடும், காத்தே சேத்தைக் கிளப்பும். அதுக்குத்தான் றோலர் எந்தக் காலத்திலயும் வராத, ஆனா அதே காத்து அடிக்கிற ஒரு இடத்தையும் சேர்த்து அளக்கிறது.

எல்லாத்திலயும் கஷ்டமானது அந்த "முன்" எண்ட பகுதி. பண்ணை வந்தாப் பிறகு, றோலர் வந்தாப் பிறகு போய் அளந்தா முந்தி என்ன இருந்தது எண்டு எப்பிடித் தெரியும்? யுத்த காலத்தில கடலுக்குப் போகவே தடை எண்ட வருசங்கள் இருந்தது, ஆராய்ச்சி எங்க. வயசானவையிட்டக் கேக்கலாம், கேக்கவும் வேணும், ஆனா ஒவ்வொரு தலைமுறையும் தான் சின்ன வயசில கண்ட கடலைத்தான் "நல்லா இருந்த கடல்" எண்டு நினைக்கும், 1995ல டானியல் போலி எண்ட மீன்வள ஆராய்ச்சியாளர் இதைத்தான் எழுதினவர்.

இப்ப பெடியள் பாவிக்கிற வழி சற்றலைற் படம். லாண்ட்சாற் 5 எண்ட சற்றலைற் 1984ல பறந்தது, அதின்ர படத்தில ஒரு புள்ளி 30 மீற்றர், சென்ரினல்-2 எண்டதில 2015ல இருந்து 10 மீற்றர், ரெண்டும் ஓசி. ஆழம் குறைஞ்ச கடலில புல்வெளி கறுப்பாத் தெரியும், பழைய படத்தையும் புதுப் படத்தையும் வைச்சு எவ்வளவு சுருங்கினது எண்டு கணக்குப் போடலாம். ஆனா படத்தில புல்லும் கறுப்பு, பாசியும் கறுப்பு, கலங்கின நாள் எண்டா ஒண்டுமே தெரியாது, அதால நாப்பது வருசப் படத்தை லாப்ரொப்பில வைச்சிருந்தாலும் ஆரேன் ஒருத்தர் சட்டத்தையும் தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணிக்குள்ள இறங்கி இந்தக் கறுப்பு என்ன கறுப்பு எண்டு பாத்துத்தான் ஆகவேணும்.