கான்வென்ட்: கன்னிமாடம் அல்ல, கன்னியர் மடம்

நெல்லைப் பக்கத்துப் பள்ளி வரலாறுகளைத் தமிழில் எழுதுகிறவர்கள், கான்வென்ட் என்று வந்ததும் 'கன்னிமாடம்' என்று போட்டுவிடுகிறார்கள். விழா மலர்களில் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. இது பிழை.

கான்வென்டுக்கு மூலம் லத்தீன். ஒன்றுகூடுதல் என்று பொருள். பிறகு கூடி வாழும் துறவியரையும், அவர்கள் வீட்டையும் குறித்தது. ஆங்கிலத்தில் பெண் துறவியர் இல்லம் என்று சுருங்கியது. அவர்கள் நடத்திய பள்ளி கான்வென்ட் ஸ்கூல். நம் வாயில் ஸ்கூல் உதிர்ந்துவிட்டது.

சரி, கன்னிமாடம் ஏன் ஆகாது? அது அரண்மனையில் மணமாகாத இளவரசி தோழியரோடு காவலில் இருக்கும் மாளிகை. மணம் முடிந்தால் வெளியே வந்துவிடுவாள். மணமே வேண்டாம் என்று துறவு பூண்டவர்களின் வீட்டுக்கு அந்தப் பெயரா? 1897-இல் பெல்ஜியத்திலிருந்து, அன்று திருவிதாங்கூரில் இருந்த முளகுமூட்டுக்கு வந்த கத்தோலிக்கத் துறவி மரி லூயிஸ் டி மீஸ்டர், அனாதைப் பிள்ளைகளைப் பராமரிக்க வந்தவர். காவலுக்குள் இருக்கக் கடல் தாண்டவில்லை. மடம் என்பதில் ஒரு துணைக்கால் கூடி மாடம் ஆனதும் துறவு போய் அரண்மனை வந்துவிடுகிறது.

மடம் வடசொல் என்று தள்ளுவோரும் உண்டு. நானும் தூய தமிழ் வேண்டும் என்பவன்தான். ஆனால் பெருங்குளத்துச் சைவ மடமான செங்கோல் மடத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகிய சீமையில் அந்தச் சொல் யாருக்கும் அந்நியமில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களில் 'கன்னியர் மடம்' என்றுதான் சொல்கிறார்கள். வாழும் சொல் இருக்க, பொருந்தாத ஒன்றைத் தூசி தட்டி எடுப்பானேன்?

பள்ளிக்கு 'மடப்பள்ளி' என்று ஒட்டிவிடவும் கூடாது. அது கோயில் அடுக்களை. 'கன்னியர் பள்ளி' போதும். பள்ளி என்ற சொல்லும் இதே வழியில் நடந்து வந்ததுதான். சமணத் துறவியர் தங்கிய இடம் பள்ளி. அங்கே பாடம் சொன்னதால் கற்கும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. பழைய நெல்லை மாவட்டத்துக் கழுகுமலைக் கல்வெட்டுகளில் 'குரத்தி' என்று சமணப் பெண் துறவியர் வருகிறார்கள். குரவர் என்பதன் பெண்பால் அது, ஆசிரியை என்று பொருள். கான்வென்டுக்கு இவ்வளவு நெருங்கிய உறவு நம் சொல்லிலேயே இருக்கிறது.

இன்னொரு மொழிபெயர்ப்பு 'ஆங்கிலவழிப் பள்ளி'. ஒரு சிஸ்டர்கூட இல்லாத நர்சரிகள் கான்வென்ட் என்று பலகை மாட்டியதன் விளைவு. சகோதரிகள் நடத்தும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து வந்த பெண்கள் எத்தனை பேர்! அவர்களை இந்தச் சொல் அழித்துவிடுகிறது. பாளையங்கோட்டை சாராள் தக்கர் பள்ளியையும் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். அது சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலிக்கன் மிஷன் வழி வந்தது, கத்தோலிக்கக் கன்னியர் தொடங்கியதல்ல. பெண்களுக்கான பழைய கிறிஸ்தவப் பள்ளி என்பதற்காக அதைக் கான்வென்ட் என்று எழுதுவது வரலாற்றுப் பிழை.