பிரேக் கட்டையில் ஏது இயற்கை?

பனிக்காலத்துக்கு எந்த பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைக் கவ்வி வண்டியை நிறுத்தும் கட்டை) நல்லது என்று தமிழில் தேடினால் ‘இயற்கை பிரேக் பட்டைகள்’ வந்து நிற்கின்றன. தளியிலும் ஓசூரிலும் மார்கழிப் பனியில் விடிகாலை ஷிப்டுக்கு பைக் எடுக்கிறவர் இதைப் படித்து என்ன நினைப்பார்? சாண உரம் போட்டு விளைந்த பட்டை என்றா?

மூலச்சொல் ஆர்கானிக். கிரேக்கத்தில் ஆர்கனான் என்றால் கருவி. பிறகு உறுப்பு, உயிருள்ளது என்று பொருள் விரிந்து வேதியியலுக்குள் நுழைந்தது. 1828இல் வோலர் என்ற ஜெர்மானியர் ஆய்வகத்திலேயே யூரியாவை உண்டாக்கிக் காட்டினார். வேதியியலில் ஆர்கானிக் என்றால் உயிர் தந்தது என்ற எண்ணம் அதன்பின் தளர்ந்தது. ரசாயன உரமில்லா வேளாண்மைக்கு அதே சொல் ஒட்டிக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில். நம் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்தது காய்கறிக் கடைப் பலகையில் பார்த்த அந்த ஒரு பொருள்தான்.

ஆர்கானிக் பேட் என்பது இழைகளையும் நிரப்புப் பொருள்களையும் செயற்கைப் பிசினால் இறுக்கியது. அதில் சேரும் அராமிட் இழை ஆலையில் பிறந்தது. இயற்கை எங்கே வந்தது? பெயர் பிழை என்பதோடு போனால் சகித்துக்கொள்ளலாம். ‘இயற்கை’ என்றாலே உயர்ந்தது என்று நம்பி வாங்குகிறார்கள். சத்தம் குறைவு, டிஸ்க் அதிகம் தேயாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் டிஸ்க் நனைந்திருந்தால் ஆர்கானிக் பேடின் பிடி தளரும். தொப்பூர் கணவாய்ச் சரிவில், முன்னால் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் பனியில் தெரியும்போது, அந்தத் தளர்ச்சி சின்ன விஷயமல்ல. செம்பு முதலான உலோகப் பொடியை அழுத்தி, உருகவிடாமல் சுட்டு இறுக்கிய சின்டர்டு பேட் குளிரிலும் ஈரத்திலும் நன்றாகக் கவ்வும்.

படித்தவர்கள் ‘கரிமப் பட்டை’ என்கிறார்கள். பாடநூலுக்குச் சரி. ஆனால் கரிமம் என்றால் கார்பன் அல்லவா? பந்தய பைக்குகளில் நிஜமாகவே கார்பன் டிஸ்க் இருக்கும்போது இது வேறு குழப்பம். தவிர, அது என்ன பட்டை? இடுப்பில் கட்டுவதும் பட்டை, மரத்தில் உரிப்பதும் பட்டை, பிரியாணியில் போடுவதும் பட்டை. சைக்கிள் ரிம்மைப் பிடிக்கும் ரப்பரை பிரேக் கட்டை என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்தவர்களுக்குப் பேடுக்குச் சொல் கிடைக்கவில்லையாம்!

ஆகவே ஆர்கானிக் பேடுக்கு என் சொல் பிசின்கட்டை. எதனால் இறுகியது என்பதைப் பெயரே சொல்லிவிடும். சின்டர்டுக்குச் ‘சுடுகட்டை’ சுருக்கமானது. ஆனால் மயான வாடை அடிக்கிறது. சுட்ட உலோகக் கட்டை என்று நீட்டியே சொல்லலாம்.

தருமபுரிக் கடையில் பிசின்கட்டை கேட்டால் விழிப்பார்கள். அங்கே பேட் என்றே கேளுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. கடைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றுவது, பிரேக்கைத் தொட்டே பாராமல் அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போடும் எழுத்து. இன்னொன்று: சுட்ட உலோகக் கட்டை தனக்கென்று செய்யாத டிஸ்கைச் சீக்கிரம் தின்றுவிடும். வண்டிக்கு ஒத்துவருமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.