டர்பனில் அருந்ததி பார்க்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடக்கும் நம் கல்யாணங்களில், ஐயர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வாசலுக்குக் கூட்டிவந்து, மேலே கையைக் காட்டி "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்பார். இருவரும் தலையாட்டுவார்கள். பகல் முகூர்த்தமென்றால் சென்னையிலும் அது வெறும் தலையாட்டல்தான். ஆனால் இங்கே நடுராத்திரியில் கேட்டாலும் அநேகமாகப் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

சங்கப் புலவர்கள் அருந்ததியை வடமீன் என்றார்கள். சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் வாலில், வசிஷ்டரை ஒட்டி மங்கலாக நிற்கும் அந்த நட்சத்திரம், வானத்தின் நடுக்கோட்டுக்கு 55 டிகிரி வடக்கே இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அதிகபட்சம் 48 டிகிரி உயரத்துக்கு ஏறும். டர்பனோ நிலநடுக்கோட்டுக்கு 30 டிகிரி தெற்கே. 90-இல் 30-ஐயும் 55-ஐயும் கழியுங்கள்: மிச்சம் வெறும் 5 டிகிரி. கையை நீட்டி மூன்று விரலைக் கிடையாக அடுக்கினால் அவ்வளவுதான் உயரம். அத்தனை தாழ்வாக வரும் ஒளி, உச்சியிலிருந்து வருவதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு காற்றைக் கடந்தாக வேண்டும். ஏற்கெனவே மங்கலான அருந்ததி அதிலேயே கரைந்துவிடும். மே கடைசியில், இரவு 9 மணி வாக்கில், வடக்குப் பக்கம் மறைப்பில்லாத மேட்டில் நின்று பைனாகுலரில் தேடலாம். நான் தேடியபோது வசிஷ்டர் மட்டும் அகப்பட்டார்.

1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் தலைக்கு மேலே இதே மாற்றம்தான் நடந்திருக்கும். தெற்கே ஏறக்குறைய 111 கிலோமீட்டர் போனால் துருவ நட்சத்திரம் ஒரு டிகிரி இறங்கும். நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் அது கடலுக்குள் போய்விடும். அப்புறம் வரவே வராது.

வடக்கில் போனது தெற்கில் கிடைத்தது. சென்னையில் 24 டிகிரி உயரத்தோடு நின்றுவிடும் அகத்தியர் நட்சத்திரம், இங்கே 67 டிகிரிக்கு ஏறுகிறது. இவ்வளவு தூரம் வந்தும் முனிவர் இன்னும் நமக்குத் தெற்கேதான். திருவாதிரை இருக்கும் வேட்டைக்காரன் மண்டலம் தலைகீழாகத் தெரியும்: திருவாதிரை கீழே, ரைஜெல் நட்சத்திரம் மேலே.

வானத்தின் தென்துருவத்தில் குறிப்பிட்டுச் சொல்லும்படி நட்சத்திரம் ஏதுமில்லை. அதனால் தென்சிலுவை மண்டலத்தைப் பிடிக்க வேண்டும். அதன் நீண்ட கட்டையை, அடிப்பக்கமாக, அதே நீளத்தில் நாலரை மடங்கு நீட்டினால் தென்துருவம். டர்பனில் அந்த இடம் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரம், அதாவது நீட்டிய கையில் மூன்று முஷ்டி. நீங்கள் நிற்கும் அட்சரேகையும் அதே எண்தான்.

இதையெல்லாம் தனியாகக் கற்க வேண்டியதில்லை. 1922-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க வானியல் சங்கத்துக்கு டர்பனிலும் கிளை உண்டு. வட கேப் மாகாணத்தில், வானாய்வகம் இருக்கும் சதர்லாந்து மலையில் பொதுமக்களுக்கு இரவுக் காட்சி நடக்கிறது. ஆனால் அங்குள்ள பெரிய சால்ட் தொலைநோக்கியில் கண் வைக்கலாம் என்று போய் ஏமாறாதீர்கள், பார்வையாளர்களுக்கு வேறு சிறிய தொலைநோக்கிகள். அமாவாசையை ஒட்டிப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். யாராவது ஒருவர் செல்போனைத் திறந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது. என்னைக் கேட்டால் முதலில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தைப் பார்க்கச் சொல்வேன்: வெறும் கண்ணுக்குப் பஞ்சுத் துணுக்கு, தொலைநோக்கியில் கொட்டிவைத்த ரவை.

பெரிய கருவி இல்லையே என்று யோசிக்க வேண்டாம். பிரிட்டோரியாவில் இருந்த ஜாக் பென்னட்டுக்கு வானியல் பொழுதுபோக்குதான். ஐந்து அங்குலத் தொலைநோக்கியில் வால்மீன் தேடிக்கொண்டிருந்தவர், 1969 டிசம்பர் 28 அன்று ஒன்றைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு அது வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவரைக் குழப்பியவை, வால்மீன் போலவே மங்கலாகத் தெரியும் நட்சத்திரக் கொத்துகளும் கேலக்ஸிகளும். அவற்றையும் விடாமல் பட்டியல் போட்டு வைத்தார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றும் பலர் தென்வானத்தைப் பார்க்கிறார்கள்.